கோடையிலும் அவிழ்க்காத படங்கு

1

இங்கே ஒக்டோபர் பிறந்தால் மனிதருக்கு முதல் கதிரைகளுக்குத்தான் உடுப்புப் போடுவார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. கோடையில் வெளியே போட்டு இருக்கிற மேசை, கதிரை, வாங்கு எல்லாவற்றையும் பனி விழ முன்னர் மூடிவிட வேண்டும். அதற்கென்றே அளவளவாக உறைகள் கடைகளில் தொங்கும். கீழ்த்தளக் களஞ்சிய அறையில் இடம் உள்ளவர்கள் அங்கே கொண்டுபோய் அடுக்குவார்கள். எங்களைப் போல் இடமில்லாதவர்கள் பல்கணியிலேயே மூடிக் கட்டுவார்கள். மரத்துக்குள் ஈரம் இறங்கி, உறைந்து, உருகி, திரும்ப உறைந்தால் மரம் வெடித்துவிடும். மன்னாரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, கதிரைக்குப் போர்வை போடுகிற சனத்தை நினைக்கச் சிரிப்பு வரும். எனக்கும் முதல் வருடம் வந்தது.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் அம்மருட்டில், ஏழாம் மாடியில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எது யார் வீடு என்று பல்கணியை வைத்தே சொல்லிவிடலாம். நோர்வேக்காரர் வீட்டில் சாம்பல் நிற உறை, கீழே நாலு விரல் இடைவெளி விட்டு, தொப்பி கவிழ்த்த மாதிரி இருக்கும். காற்று உள்ளே போய் வர வேண்டுமாம். எங்கள் வீட்டில் நீலத் தார்ப்பாய்ப் படங்கு.

அது என் கணவர் அன்ரன் கட்டிய கட்டு. மேசையின் மேல் நாலு கதிரைகளையும் கவிழ்த்து அடுக்கி, பழைய படுக்கை விரிப்பால் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் படங்கு போட்டு, அடியால் இழுத்து மடக்கி, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து, கயிற்று நுனிகளைப் பல்கணிக் கம்பியில் முடிந்துவிடுவார். கடலில் தள்ளினால் அப்படியே மிதந்து இராமேசுவரம் போய்ச் சேரும். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாது. அதில்தான் அவருக்குப் பெருமை.

2

நல்ல சாமானைப் பாவிக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். ஊரில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டுகள் ஒரு அடுக்கு இருந்தன. பெருநாளுக்கு வரும் பங்குச் சுவாமிக்கும், பெண் பார்க்க வருபவர்களுக்கும் என்று வைத்தது. நாங்கள் அலுமினியத் தட்டில் சாப்பிட்டபடி அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆமி வருகிறது என்று ஒரு பின்னேரம் ஊரே எழும்பி ஓடியபோது அந்த அலுமாரியைப் பூட்டித் திறப்பையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. அந்தத் தட்டுகளில் யாரோ ஒருவராவது சோறு போட்டுச் சாப்பிட்டிருந்தால் எனக்குச் சந்தோசம்.

இங்கே வந்தும் புத்தி வரவில்லை. சோபாவின் பொலித்தீனை இரண்டு வருடம் கழற்றவில்லை. கோடையில் தொடை ஒட்டும், எழும்பினால் கிழிகிற சத்தம் வரும். ரீவி றிமோட்டுக்கு இப்போதும் உறை இருக்கிறது. நோர்வேக்காரர் விருந்துக்கு வந்தால் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருப்பார்கள். அவர்களுடைய மரியாதை அப்படிப்பட்டது.

பல்கணி மேசையும் கதிரைகளும் மட்டும் அந்தச் சட்டத்துக்குத் தப்பியிருந்தன. எங்கள் ஒரே பிள்ளை டிலானி, படித்து முடித்து பிசியோதெரபி வேலையில் சேர்ந்த முதல் மாதச் சம்பளத்தில் வாங்கி வந்தது. தேன் நிற மரம். "இருக்கிறதுக்குத்தான் வாங்கினது அப்பா, பாக்கிறதுக்கில்லை" என்று சொல்லி அவரைக் கையில் பிடித்து இழுத்துப்போய் இருத்தினாள். அந்தக் கோடையும் அடுத்த கோடையும் இராப்பத்து மணி வெளிச்சத்தில் தகப்பனும் மகளும் அதில் இருந்து கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். இரண்டு பேரும் அளாப்பிகள், கள்ள ஆட்டம் ஆடுகிறவர்கள். அவர்களுடைய சண்டை ஆறாம் மாடிக்குக் கேட்கும். குளிர்காலம் வந்தால் டிலானிதான் கடையில் உறை வாங்கி, இடைவெளி விட்டு, அழகாக மூடிவிடுவாள். படங்கு வந்தது அவள் போனபிறகு.

3

இந்த நாட்டில் கலியாணம் செய்யாமல் வீடெடுத்துச் சேர்ந்து இருப்பதற்கு 'சம்புவர்' என்று சட்டத்திலேயே ஒரு பெயர் உண்டு. வைத்தியசாலையிலும் வங்கியிலும் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் தனியாள், மணமானவர் என்பவற்றுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு பெட்டி இருக்கும், புள்ளடி போட்டால் முடிந்தது. எங்கள் சனத்திடம் அந்தப் பெட்டி இல்லை. ஊரில் இருந்து வீடியோ அழைப்பில் எடுப்பவர்கள், "பிள்ளைக்கு எப்ப?" என்று கேட்பார்கள். நான் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

போன வருடம் டிலானி லார்ஸ் என்ற பொடியனோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னாள். மின்சார வேலை செய்கிறவன், அதிகம் பேசாதவன், என் கறியை மூக்குச் சிந்தச் சிந்தச் சாப்பிடுகிறவன். எனக்கு அவனில் ஒரு குறையும் சொல்ல வரவில்லை. அன்ரனுக்கும் பொடியனில் பிரச்சினை இருக்கவில்லை.

"கோயிலிலை கைப்பிடிச்சுப்போட்டு எங்கையெண்டாலும் போ" என்றார்.

"செய்வம் அப்பா. இப்ப இல்லை."

"அப்ப இந்த வீட்டுக்கும் இப்ப இல்லை."

சொன்னவருக்கே அது பெரிய சொல் என்று தெரிந்தது, முகத்தில் பார்த்தேன். ஆனால் வாயை விட்டுப்போனதைத் திருப்பி எடுக்கிற பழக்கம் அவருடைய பரம்பரைக்கே இல்லை. கோபம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியும், அது வெட்கம். தமிழ்ப் பூசையில் பாடற்குழுவை நடத்துகிறவர். முன்வாங்கில் இருந்து பாடும்போது பின்னால் சனம் என்ன நினைக்கிறது என்பதே அவருக்கு மண்டைக்குள் பெரிய பாட்டு.

அந்த ஒக்டோபரில் டிலானி தன் குளிர் உடுப்புகளை எடுக்க வந்தாள். இவர் பல்கணியில் கதிரைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கதவடியில் நின்று பார்த்தாள்.

"அப்பா, கீழை காத்துப் போக இடம் விடுங்கோ. இல்லாட்டிப் பூஞ்சணம் பிடிக்கும்."

அவர் திரும்பவில்லை. இன்னுமொரு சுற்றுக் கயிறு போட்டு, காலை ஊன்றி இறுக்கினார். அதற்குப்பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு அவள் கோயிலுக்கு வந்தாள். பூசை முடிந்ததும் இவர் பக்கக் கதவால் போய்விட்டார். நான் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, யாரோடு போவது என்று தெரியாமல் மெழுகுதிரி வாங்கினேன்.

பிறகு கோடை வந்தது. எல்லாப் பல்கணிகளிலும் உறை கழன்றது. இறைச்சி வாட்டுகிற புகை மாடி மாடியாக ஏறியது. எங்கள் நீலப் படங்கு அப்படியே நின்றது.

"அவிழ்ப்பமே?" என்றேன்.

"மழை வரும்."

ஒஸ்லோ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு நோர்வேக் கிழவி லிப்டில் கேட்டாளாம், கோடை வந்தது உங்களுக்குத் தெரியாதா என்று. "அது நித்திரை" என்று இவர் தன்னுடைய நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கிழவி அதற்குப்பிறகு எங்கள் வீட்டைத் தாண்டும்போது மெல்லமாக நடக்கிறாள் என்று எனக்கொரு எண்ணம். நான் அந்தக் கோடை முழுவதும் கட்டி வைத்த கதிரைகளுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு இருந்து தேநீர் குடித்தேன். எனக்கு ஆத்திரம் வந்த நாட்களில் அந்தக் கயிற்றை அறுத்துவிடலாம் என்று கத்தியோடு போயும் இருக்கிறேன். அறுக்கவில்லை. அவள் இல்லாத கோடையில் ஏன் அவிழ்க்க மறுக்கிறார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதால்தான் கை வரவில்லை.

4

நவம்பர் கடைசியில் டிலானி போனில் எடுத்தாள். "அம்மா, நாங்கள் மேலை போறம். லார்ஸின்ரை ஊருக்கு. ட்ரொம்சோ ஆஸ்பத்திரியிலை எனக்கும் வேலை கிடைச்சிருக்கு. நத்தார்ப் பெருநாள் முடியப் போயிடுவம்."

மேலே என்றால் நாட்டின் வடக்குத் தலை. விமானத்தில்தான் போக வேண்டும். குளிர்காலத்தில் அங்கே சூரியனே எழும்பாது.

"போக முதல் அப்பாவோடை ஒருக்காக் கதைக்கவேணும் அம்மா. இப்பிடியே போனால் நான் திரும்பி வர மாட்டன். எனக்கு என்னைத் தெரியும்."

எனக்கும் அவளைத் தெரியும். தகப்பனுடைய அச்சு. நான் ஸ்டோவ்னரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பிள்ளைகள் வராத மனிதர்களைத் தினமும் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஜன்னலடியில் இருத்துகிறேன். அவர்களில் சிலருக்கு என்ன சண்டை என்பதே மறந்துவிட்டது. வராமல் விட்ட பழக்கம் மட்டும் மிச்சம். என் வீட்டு மனிதரும் அப்படி ஒரு ஜன்னலடியில் இருப்பதை நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். காலம் எங்களுக்குக் கடன் தராது.

நான் யாரையும் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன். இவருக்குச் சொன்னது அன்று காலைப் பூசை முடிந்து வரும்போது, ரயிலுக்குள். சனத்துக்கு நடுவில் சத்தம் போடமாட்டார் என்ற துணிவு.

"மத்தியானம் டிலானி வாறாள். அந்தப் பொடியனும்."

அம்மருட் வரும்வரை ஜன்னலையே பார்த்தார். பாதித் தூரம் வெளியே சுரங்கச் சுவர்தான். கட்டட வாசலில் வந்துதான் வாய் திறந்தார்.

"நான் வெளிக்கிட்டுப் போறன். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ."

"எங்கை போவீங்கள்? காத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை விட்டிருக்கிறாங்கள்."

லிப்டுக்குள் குடியிருப்புச் சங்கத்தின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பல்கணியில் உள்ள சாமான்களை உள்ளே எடுக்கவும் அல்லது உறுதியாகக் கட்டவும், ஏதும் கீழே விழுந்தால் வீட்டுக்காரரே பொறுப்பு. இவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ரை கட்டு அசையாது" என்றார். போவதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அந்தக் காற்றுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதே காற்றைச் சபிக்கப்போகிறேன் என்று தெரியாது.

5

அவர்கள் வந்தபோது இவர் ரீவிக்கு முன்னால் இருந்தார். லார்ஸ் குனிந்து கை கொடுத்தான். கொடுத்த கையைப் பிடித்தார். "குளிரா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். டிலானி பக்கத்தில் நின்றாள். அவளைத் தாண்டிப் போய்ச் சாப்பாட்டு மேசையில் இருந்துவிட்டார்.

புட்டு, இறால் குழம்பு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. திருவருகைக் காலத்து மெழுகுதிரிகளில் இரண்டை ஏற்றியிருந்தேன். வெளியே காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது. படங்கின் ஒரு மூலை படக்குப் படக்கென்று அடித்தது.

"அவவுக்குப் புட்டுக் காணுமோ எண்டு கேளும்" என்றார் என்னிடம். அவள் அவருக்கு நேரெதிரே இருந்தாள்.

"காணும் எண்டு அப்பாவுக்குச் சொல்லுங்கோ."

"வேலை எப்ப தொடங்குதாம்?"

"தை மாதம் எண்டு சொல்லுங்கோ."

லார்ஸ் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் வைத்தியரிடம் போனாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் நான். அன்றைக்கு என் வீட்டு மேசையில் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். டிலானி குழம்புக் கரண்டியைச் சத்தம் வரத் தட்டில் போட்டாள். அவள் எழும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வெளியே சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

படங்கின் மூலையில் கயிறு கோர்த்த வளையம் பிய்ந்துவிட்டது. பிய்ந்த வாயால் காற்று உள்ளே புகுந்தது. புகுந்த காற்றுக்கு வெளியே வர வழியில்லை, அவ்வளவு இறுக்கம். ஒரு நொடியில் படங்கு கப்பற்பாய் போல் ஊதி நின்றது. கம்பியோடு சேர்த்து முடிந்திருந்ததால் மேசை கம்பிப் பக்கம் சாய்ந்தது. மேலே கவிழ்த்திருந்த கதிரைகளில் ஒன்றின் கால் படங்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. ஏழு மாடிக்குக் கீழே ரயில் நிலையத்துக்குப் போகிற நடைபாதை. பிள்ளைத்தள்ளு வண்டியோடு யாரோ போய்க்கொண்டிருந்தார்கள்.

இவர் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். காற்று உள்ளே பாய்ந்து மெழுகுதிரிகளை அணைத்தது.

"இஞ்சருங்கோ, போகாதேங்கோ! நெஞ்சுக்குக் கூடாது!"

கேட்கவில்லை. பல்கணித் தரையில் மழைத்தண்ணீர் உறைந்து கண்ணாடியாக இருந்தது. வீட்டுச் செருப்போடு நின்று படங்கைக் கட்டிப்பிடித்தார். அது அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. லார்ஸ் பாய்ந்து போய் வெளியே நீட்டிய கதிரைக்காலை இரண்டு கையாலும் பிடித்தான். டிலானி சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் வெறும் கால்மேசோடு ஓடினாள்.

"கயிறை வெட்டவேணும் அப்பா! தள்ளுங்கோ!"

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லும்!" அந்தக் காற்றுக்குள்ளும் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். "வெட்டினால் எல்லாம் பறந்திடும் எண்டு சொல்லும்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "நீங்களே சொல்லுங்கோ, விசரா!" என்று கத்தினேன். கலியாணம் கட்டின நாள் முதல் அவரை அப்படிச் சொன்னதில்லை. கம்பி முனகியது. அதைச் சுவரோடு பிடித்திருந்த ஆணி ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. டிலானி குனிந்து கம்பியடியில் இருந்த முடிச்சை அறுக்கத் தொடங்கினாள். நைலோன் கயிறு, பல்லுக்கத்தி. ஒரு இழை, இன்னொரு இழை. கயிறு அறுந்த கையோடு படங்கு மேலே எழும்பியது. அந்த உதறலில் அவளுடைய கால் ஐசில் வழுக்கியது. தலை கம்பிக்கு வெளியே போனதைக் கண்டேன்.

"டிலானி!"

கத்திக்கொண்டு இவர் படங்கை விட்டுவிட்டார். இரண்டு கையாலும் அவளுடைய சட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். இருவரும் பின்பக்கமாகத் தரையில் விழுந்தார்கள். படங்கு விரிந்து, நீலமாக, பேர்ச் மரங்களுக்கு மேலால் கார் நிறுத்துமிடத்துப் பக்கம் பறந்து போனது. பொலித்தீனும் பின்னால் போனது. நான் கீழே எட்டிப் பார்த்தேன். வண்டியோடு போன பெண் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். யேசுவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"உள்ளுக்குப் போ. காலிலை செருப்பும் இல்லாமல் வந்து நிக்கிறாய். விசர்ப் பெட்டை" என்றார் அவளிடம். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது.

மேசையையும் கதிரைகளையும் லார்ஸ்தான் உள்ளே தூக்கி வந்தான். சப்பாத்து ஏறவே விடாத விரிப்பின் மேல் வைத்தான். நான் அவருக்கு நாக்குக்கு அடியில் நெஞ்சு மருந்தை அடித்து, சோபாவில் இருத்தி, நாடியைப் பிடித்துப் பார்த்தேன். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அந்த மணம் தெரிந்தது. மழைக்கால நிலவறை மணம்.

சுற்றியிருந்த படுக்கை விரிப்பு மரத்தோடு ஒட்டிக் கறுத்திருந்தது. டிலானி அதை உரித்தாள். தேன் நிறம் எங்கும் இல்லை. மேசை முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். கதிரை முதுகில் விரலை வைத்தாள். மரம் தேநீரில் ஊறின பாண் மாதிரி அமுங்கியது.

"ஒரு குளிருக்கு இப்பிடி வராது" என்றாள். என்னைப் பார்த்தாள். "அம்மா, கோடையிலை இதிலை இருக்கேல்லையோ நீங்கள்?"

"கொப்பர் அவிழ்க்க விடேல்லை."

"கோடை முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கயிறு அறுத்த உள்ளங்கையில் இரத்தம் கோடாக இருந்தது. டிலானிக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. லார்ஸ் நிலைமை விளங்காமல், நல்ல மனதோடு, கதிரைகளை இனி ஒன்றும் செய்ய முடியாது, மேசையை மட்டும் வசந்தத்தில் தேய்த்து எண்ணெய் பூசிப் பார்க்கலாம் என்று சொன்னான். வசந்தத்தில் தான் இங்கே இருக்கமாட்டான் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டான். காற்று கதவை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. இப்போது இவர் எழும்பி அறைக்குள் போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

எழும்பினார். அறைக்குப் போகவில்லை. மேசையடிக்கு வந்து, தன் சட்டைக் கையால் பூஞ்சணத்தில் ஒரு இடத்தைத் தேய்த்தார். போகவில்லை. திரும்பவும் தேய்த்தார்.

"அங்கை பல்கணி இருக்கோ?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் டிலானி பதில் சொன்னாள்.

"இருக்கு அப்பா. சின்னது. கடல் பக்கம்."

"வாடைக்காத்து நேரை அடிக்குமோ?"

"தெரியாது அப்பா. நாங்கள் இன்னும் அந்த வீட்டிலை ஒரு குளிர்காலமும் இருக்கேல்லை."

அவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"அப்ப கதிரை ஒண்டும் வாங்கிப் போடாதை. நான் வந்து பாத்துச் சொல்லுறன்."